இருபத்திரண்டாம் முகவரி

மாத்தளை நகரைத் தாண்டி ஏ9 வீதியில் தம்புள்ளைப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போனால் அலுவிகாரை. அங்கே வீதியோரக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே, சுவரோடு பொருத்திய இரும்புக் கபினெட் ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு சுவிட்ச். அதன் கடைசிக் கூட்டில் வேலை செய்த ஒரு சிறிய உலோக மொடியூலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அகலம் 13.4 மில்லிமீற்றர், உயரம் 8.5. ஒரு நுனியில் பொன்முலாம் பூசிய 20 தொடுமுனைகள். மறுநுனியில் நாம் தினமும் பார்க்கும் ஆர்ஜே-45 துளை. எஸ்.எஃப்.பி. என்று சொல்லப்படும் வகை, அதிலும் கொப்பர் எஸ்.எஃப்.பி. சுவிட்சின் கூடுகள் எல்லாம் ஃபைபரை நினைத்துச் செய்யப்பட்டவை. கட்டடத்துக்கு ஃபைபர் வந்துவிட்டது. உள்ளே இருந்த பழைய ரவுட்டரில் கொப்பர் கேபிளுக்கு மட்டுமே இடம். இரண்டையும் சேர்த்து வைக்க இந்த மொடியூல்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது செருகினால் வேலை செய்யும் ஒரு பிளக். உள்ளே இருப்பதோ தனக்கென ஒரு நினைவகமும், தானாக முடிவெடுக்கும் ஒரு முழுச் சிப்பும். அந்தச் சிப்போடு சுவிட்சின் மென்பொருள் பேசியாக வேண்டும். எந்த வழியாகப் பேசுவது என்பதை எஸ்.எஃப்.பி.யின் பொது உடன்பாடு சொல்லவில்லை. தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். அந்த அறிவு எப்படி எல்லோர் கைக்கும் வந்தது என்பதும் இந்த மொடியூலின் கதைக்குள் வருகிறது. எனக்கு அதுதான் கதையின் முக்கியமான பகுதி.

மொடியூலின் வம்சத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990களில் ஜிபிக் என்றொரு பெரிய மொடியூல் இருந்தது. ஒரு சுவிட்சின் முகப்பில் அதில் அதிகம் அடுக்க முடியாது. அதை ஏறக்குறைய பாதியாகச் சுருக்க 2000 செப்டெம்பரில் பல உற்பத்தியாளர்கள் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதுவே எஸ்.எஃப்.பி. அரசுகளின் தர நிறுவனம் எதுவும் அதை இயற்றவில்லை. போட்டியாளர்களே ஒன்றாக உட்கார்ந்து எழுதிய ஆவணம். அதைப் பிறகு பேணியது எஸ்.எஃப்.எஃப். குழு. 1990இல் கணினி டிஸ்க்குகளின் அளவுகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கிய குழு அது. டிஸ்க்குக்காகக் கூடியவர்கள் கடைசியில் உலகின் வலையமைப்பு மொடியூல்களுக்கே இலக்கணம் வகுத்தார்கள்.

அந்த 20 தொடுமுனைகளில் பெரும்பாலானவை மின்சாரத்துக்கும், தரைக்கும், வேகமான தரவுக்கும் போய்விடுகின்றன. மீதியில் இரண்டு நம் கதைக்கு வேண்டியவை: நான்காவதும் ஐந்தாவதும். ஒன்றில் தரவு, மற்றதில் கடிகாரத் துடிப்பு. பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் தொலைக்காட்சிப் பெட்டி போன்ற சாதனங்களுக்குள் இருக்கும் சிப்புகள் தமக்குள் பேசிக்கொள்வதற்காக உருவாக்கிய ஐ2சி என்ற இரண்டு கம்பி முறை அது. எஸ்.எஃப்.பி.யில் வழக்கமாக அது ஓடும் வேகம் வினாடிக்கு ஒரு இலட்சம் துடிப்பு. ஆயிரம் மில்லியன் பிட் ஓடும் பாதைக்குப் பக்கத்தில் இது ஆமை வேகம்தான். ஆனால் மொடியூலைப் பற்றி மென்பொருளுக்குத் தெரிவது அத்தனையும் இந்த இரண்டு கம்பி வழியாகத்தான் வருகிறது.

ஐ2சி முறையில் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு முகவரி உண்டு. எஸ்.எஃப்.பி.யின் நினைவகத்துக்கு உடன்பாடு கொடுத்த முகவரி, பதினறும எண்முறையில் ஏ0. அட்மெல் நிறுவனத்தின் 24சி வரிசை நினைவகச் சிப்புகள் பதில் சொல்லும் முகவரி அது. உடன்பாட்டை எழுதியவர்கள் சந்தையில் மலிவாகக் கிடைத்த அந்தச் சிப்பை மனதில் வைத்தே எழுதினார்கள். கடைசி பிட் வாசிப்பா எழுத்தா என்பதைச் சொல்வதால், அதை நீக்கிவிட்டு 50 என்று சொல்கிறவர்களும் உண்டு. ஏ0வும் 50உம் ஒரே வீடுதான். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் தடுக்கி விழும் முதல் இடம் இது.

அந்த நினைவகத்தின் 256 பைட்டுக்குள் மொடியூல் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. 0ஆவது பைட்டில் 03 என்றிருந்தால் ‘நான் எஸ்.எஃப்.பி.’ 20ஆவதிலிருந்து 35ஆவது பைட் வரை செய்தவர் பெயர், பதினாறு எழுத்து. 40இலிருந்து மாதிரி எண், 68இலிருந்து தொடர் இலக்கம், 84இலிருந்து பிறந்த தேதி: ஆண்டு, மாதம், நாள் என்று இரண்டிரண்டு இலக்கமாக. 63ஆவது பைட்டில் அதற்கு முன்னுள்ள எல்லாவற்றையும் கூட்டிய கூட்டுத்தொகையின் கடைசி எட்டு பிட். வாசித்ததில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்க. 6ஆவது பைட்டில் 08 என்றிருந்தால், ‘நான் கொப்பர், 1000 மெகாபிட்.’

ஒளி மொடியூலாக இருந்தால் பெரும்பாலும் ஏ2 என்ற இன்னொரு முகவரியும் பதில் சொல்லும். அங்கே இருப்பது நடப்பு நிலைமை. 96ஆம் 97ஆம் பைட்களில் வெப்பம்: முதலாவதில் 2எஃப், அடுத்ததில் 80 என்று வந்தால் 47.5 பாகை செல்சியஸ். 104, 105இல் வந்து சேரும் ஒளியின் அளவு, 0.1 மைக்ரோவாட் அலகில். அங்கே 01எஃப்4 என்று கண்டால் 500. அதாவது 50 மைக்ரோவாட், நாங்கள் பேச்சில் மைனஸ் 13 டிபிஎம் என்போம். மரக்கிளை விழுந்து ஃபைபர் வளைந்து கிடந்தால் இந்த எண்தான் முதலில் இறங்கும். மழைக்காலத்தில் இதைப் பார்த்துவிட்டே வேலைக்குக் கிளம்புகிறோம்.

இதெல்லாம் எழுதிவைத்த விடயம். கொப்பர் மொடியூலுக்கு வரும்போதுதான் எழுத்து நின்றுவிடுகிறது.

லேசரும் ஒளி உணரியும் உள்ள மொடியூலில் மென்பொருள் முடிவு செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பிட் 1 என்றால் ஒளி, 0 என்றால் இருட்டு. கொப்பர் கேபிளில் கிகாபிட் அனுப்புவது வேறு வேலை. நான்கு சோடிக் கம்பியிலும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் ஐந்து மின்னழுத்த மட்டங்களில் சமிக்ஞை ஓடுகிறது. தான் அனுப்பியதன் எதிரொலியைத் தானே கழித்துக்கொண்டு மறுமுனை அனுப்பியதைப் பிரித்தெடுக்க வேண்டும். மறுமுனையோடு பேசி எந்த வேகத்தில் ஓடலாம் என்று இணங்க வேண்டும். இதைச் செய்யும் சிப்பை ஃபை என்கிறோம். மார்வெல் நிறுவனத்தின் 88ஈ1111 என்ற சிப் இந்த வகை மொடியூல்களில் பரவலாக இடம்பிடித்தது. இந்தோனேசியாவில் பிறந்த செஹாத் சுதார்ஜா, அவருடைய மனைவி வெய்லி டாய், சகோதரர் பண்டாஸ் சுதார்ஜா ஆகிய மூவரும் 1995இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் மார்வெல்.

சாதாரணச் சுவிட்சில் ஃபை சிப்போடு பேசுவதற்கு எம்.டி.ஐ.ஓ. என்ற தனிப் பாதை உண்டு. அதற்கும் இரண்டு கம்பி வேண்டும். எஸ்.எஃப்.பி.யின் 20 தொடுமுனையில் அதற்கு இடமில்லை. 88ஈ1111ஐ வடிவமைத்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: எம்.டி.ஐ.ஓ.வுக்கான அதே கால்களிலேயே ஐ2சி மொழியையும் கேட்கும்படி சிப்பை வைக்கலாம். மொடியூல் செய்தவர்கள் அதை நினைவகத்தின் கம்பிகளோடு சேர்த்துப் பிணைத்துவிட்டார்கள். அதற்கு வாய்த்த முகவரி ஏசி. கடைசி பிட்டை நீக்கினால் 56. எஸ்.எஃப்.பி. உடன்பாட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தாலும் இந்த எண்ணைக் காண மாட்டீர்கள்.

எங்கள் மொடியூல் ஃபினிசார் நிறுவனத்துடையது. 1980களின் பிற்பாதியில் கலிபோர்னியாவில் தொடங்கிய அந்த நிறுவனம், 2001இல் மலேசியாவின் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையை வாங்கியது. எங்கள் மொடியூலின் லேபிளிலும் மலேசியா என்றே இருக்கிறது. தோட்ட வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் நம்மவர்கள் கப்பலேறிய நாடு அது. அந்தத் திசையிலிருந்து ஒரு பொருள் நம் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. நேரே வரவில்லை. கொழும்பில் ஓர் அலுவலகத்தில் உழைத்துவிட்டு, அங்கே சாமான் மாற்றியபோது கழிக்கப்பட்டு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடையொன்றில் கண்ணாடித் தட்டில் கிடந்து, கண்டி வழியாக பஸ்ஸில் மாத்தளைக்கு வந்தது.

அலுவிகாரைக் கபினெட்டில் அதை முதலில் செருகிய சுவிட்ச் ஒரு பழையது. எந்த நிறுவனத்தினது என்பது முக்கியமில்லை. செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. கூட வந்த தம்பி மறுமுனையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவன், “அண்ணே, லைட் எரியுது, பிங் போகமாட்டேங்குது” என்றான். கேபிளை மாற்றினோம். ரவுட்டரை நிறுத்திப் போட்டோம். விளக்கு அசையவில்லை. கேபிளைக் கழற்றிய பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் விடயம் பிடிபட்டது.

அந்த விளக்கு காட்டியது சுவிட்சுக்கும் மொடியூலுக்குள் இருக்கும் சிப்புக்கும் நடுவிலுள்ள ஒரு சாண் பாதையை. சிப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள கேபிளைப் பற்றி அந்தச் சுவிட்சுக்கு எதுவும் தெரியாது. மொடியூலை அது ஒளி மொடியூலாகவே நினைத்துக்கொண்டது. ஃபை சிப்பும், ‘1000 மெகாபிட் மட்டும்’ என்ற பழக்கத்தில் நின்றது. எங்கள் பழைய ரவுட்டரால் 100 மெகாபிட்டுக்கு மேல் போக முடியாது. இருவரும் ஒரு வேகத்துக்கு இணங்கவே இல்லை. இதைச் சிப் அறிந்திருந்தது. தன் ரெஜிஸ்டர் ஒன்றில் அதைக் குறித்தும் வைத்திருந்தது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மென்பொருள் மொடியூலுக்குள் போய்ச் சிப்போடு பேச வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. எந்த வேகத்தில் ஓடுகிறாய், கேபிள் இணைந்திருக்கிறதா, எந்த முறைக்கு மாற வேண்டும் என்ற மூன்றையும் சிப்பிடமே கேட்க வேண்டும்.

அடுத்து வைத்தது லினக்ஸில் ஓடும் ஒரு சிறிய சுவிட்ச். அதில் மொடியூல் நுழைந்த கணத்தை மெதுவாகப் பார்ப்போம். தொடுமுனைகள் ஒரே நீளத்தில் இல்லை. தரை முதலில் தொடும், பிறகு மின்சாரம், பிறகு சமிக்ஞைகள். ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்சில் பயமில்லாமல் செருக முடிவது இதனால்தான். ஆறாவது தொடுமுனை மொடியூலுக்குள்ளேயே தரையோடு இணைந்திருக்கிறது. அது தொட்டவுடன் சுவிட்சின் பக்கத்தில் அந்தக் கம்பியின் மின்னழுத்தம் விழுகிறது; யாரோ வந்துவிட்டார் என்று மென்பொருள் அறிகிறது. உடனே கேள்வி கேட்பதில்லை. மொடியூல் விழித்தெழ 300 மில்லிவினாடி கொடுக்கிறது. பிறகு ஏ0விடம் போய் பதினாறு பதினாறு பைட்டாக வாசிக்கிறது. ஒரே மூச்சில் நிறையக் கேட்டால் தடுமாறும் மொடியூல்கள் சந்தையில் இருப்பதால் அந்தப் பதினாறு. சில வகை மொடியூல்களிடம் ஒவ்வொரு பைட்டாகத்தான் கேட்க முடிகிறது. அவற்றையும் இனங்கண்டு அப்படியே கேட்கிறது.

ஒரு சிக்கல் இங்கே உண்டு. உலகின் எல்லா எஸ்.எஃப்.பி.யும் ஏ0 என்ற ஒரே முகவரியில்தான் இருக்கிறது. 48 கூடுள்ள சுவிட்சில் ஒரே கம்பியில் எல்லாவற்றையும் கட்டினால் 48 பேரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். ஆகவே நடுவில் பாதை மாற்றும் சிப்புகளை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு கூட்டுக்கு மட்டும் பாதையைத் திறக்கிறார்கள். ஒரு நிரல் மூன்றாவது கூட்டுக்குப் பாதையைத் திறந்து பாதி வாசிக்கும்போது, பூட்டு எதுவும் போடாத இன்னொரு நிரல் ஏழாவதற்குத் திருப்பிவிட்டால், ஒரு மொடியூலின் பெயரும் மற்றதன் தொடர் இலக்கமும் சேர்ந்து வரும். யார் அந்தக் கம்பிக்குப் பொறுப்பு என்ற கேள்வி இதனாலேயே இவ்வளவு கனமானது. பெரிய சேவையகங்களின் வலையமைப்பு அட்டைகளில் இந்தப் பொறுப்பு அட்டைக்குள்ளேயே ஓடும் நிலைபொருளிடம் போய்விடுகிறது; இயங்குதளம் அதனிடம் விண்ணப்பம் போட்டு வாங்கித்தான் படிக்கலாம்.

எங்கள் சுவிட்ச் 6ஆவது பைட்டில் 08ஐக் கண்டது. கொப்பர். அப்படியானால் உள்ளே ஒரு ஃபை இருக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலில் எம்.டி.ஐ.ஓ.வை ஐ2சி ஆக மொழிபெயர்க்கும் சிறிய டிரைவர் ஒன்று இருக்கிறது. எம்.டி.ஐ.ஓ. உலகில் முகவரிகள் 0 முதல் 31 வரை. அந்த எண்ணோடு பதினறும 40ஐக் கூட்டினால் ஐ2சி முகவரி. 22ஐப் பதினறுமத்தில் எழுதினால் 16. 40ஐக் கூட்டினால் 56. ஆகவே கெர்னலுக்கு அந்தச் சிப் இருபத்திரண்டாம் முகவரியில் இருப்பவர். ரெஜிஸ்டர் இலக்கத்தை ஒரு பைட்டாக அனுப்பினால் இரண்டு பைட் பதிலாக வரும், பெரிய பாதி முதலில். இவ்வளவுதான் உரையாடல். சிப் எழுந்திருக்கத் தாமதித்தால் சற்று விட்டு விட்டுத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கிறது.

2ஆம் 3ஆம் ரெஜிஸ்டர்களில் சிப்பின் அடையாளம் இருக்கும். மார்வெல் 88ஈ1111 என்றால் 0141, 0சிசி0 என்று வர வேண்டும். ஃபினிசார் கொப்பர் மொடியூல்களில் வருவது 01எஃப்எஃப், 0சிசி0. சிப் அதுவேதான், மேற்பாதி மாற்றப்பட்டிருக்கிறது. இதைத் தெரியாத டிரைவர் ‘யாரென்று தெரியவில்லை’ என்று பொதுவான டிரைவரிடம் ஒப்படைத்துவிடும். பொதுவான டிரைவருக்கு இந்தச் சிப்பின் தனிக் குணங்கள் தெரியாது. தெரிந்த டிரைவர் என்ன செய்யும்? 27ஆம் ரெஜிஸ்டரின் கீழ் நான்கு பிட்டில்தான் சிப் சுவிட்ச் பக்கம் எந்த முறையில் பேசுகிறது என்பது இருக்கிறது. அங்கே 9084 என்று எழுதினால் எஸ்.ஜி.எம்.ஐ.ஐ. என்ற முறைக்கு மாறும். எழுதியவுடன் மாறாது, 0ஆம் ரெஜிஸ்டரின் தலைப் பிட்டை எழுதிச் சிப்பை மீளத் தொடங்கச் செய்ய வேண்டும். எஸ்.ஜி.எம்.ஐ.ஐ.யில் சுவிட்சுக்கும் சிப்புக்கும் நடுவே வேகம் எப்போதும் ஒன்றுதான். கேபிள் பக்கம் 100 மெகாபிட் என்றால் ஒவ்வொரு பைட்டையும் பத்துத் தடவை திருப்பிச் சொல்வார்கள்; 10 மெகாபிட் என்றால் நூறு தடவை. எந்த வேகம் என்பதையும் சிப் அதே பாதையில் அறிவித்துவிடும்.

எங்கள் பழைய ரவுட்டர் அன்று மாலை அந்தச் சுவிட்சின் பின்னால் 100 மெகாபிட்டில் ஓடத் தொடங்கியது. கேபிளைக் கழற்றினால் விளக்கு அணைந்தது. இந்த வேலையில் விளக்கு சரியான நேரத்தில் அணைவதும் பெரிய நிம்மதிதான்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? 56 என்ற முகவரியும், 27ஆம் ரெஜிஸ்டரில் எழுத வேண்டிய எண்ணும் ஃபினிசார் தன் வாடிக்கையாளர்களுக்காக எழுதிய கேள்வி-பதில் தாள் ஒன்றில் இருந்தன. அதைப் படித்த பொறியாளர்கள் தங்கள் தங்கள் சுவிட்சுக்குள் எழுதிக்கொண்டார்கள். அந்த நிரல்கள் பூட்டிய பெட்டிக்குள் இருந்தன. ஏஎம்டியின் வலையமைப்பு டிரைவரில் அது லினக்ஸுக்குள் வந்தது, ஆனால் அந்த ஒரு டிரைவருக்குள் மட்டும். ரொபர்ட் ஹன்கொக் என்ற பொறியாளர் அதை எடுத்து, மார்வெல் சிப்புகளுக்கான பொது டிரைவரில் முறைப்படி சேர்த்தார். அதற்கு முன்பே, 2017 நவம்பரில் வந்த லினக்ஸ் 4.14இல், ரசல் கிங் எழுதிய எஸ்.எஃப்.பி. டிரைவரும் அதோடு சேர்ந்த ஃபைலிங்க் அடுக்கும் இடம்பிடித்திருந்தன. மொடியூல் நுழைவது, காத்திருப்பது, வாசிப்பது, ஃபையைத் தேடுவது, முறையை மாற்றுவது என்ற நான் மேலே சொன்ன முழு வரிசையும் எல்லா டிரைவர்களும் பயன்படுத்தக்கூடிய ஒரே இடத்தில் எழுதப்பட்டது அங்கேதான்.

அலுவிகாரையில் நின்று இதை யோசிக்கும்போது ஒன்று மனதில் வராமல் போகாது. தலைமுறை தலைமுறையாக வாய்வழி ஓதப்பட்டு வந்த பாளி திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் இந்தக் குகைகளில்தான் ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. போரும் பஞ்சமும் வந்தன. மனப்பாடம் செய்திருந்த பிக்குகள் இறக்க இறக்க, அவர்கள் நெஞ்சிலிருந்த பகுதியும் போய்விடும் என்ற பயம் வந்தது. தெரிந்தவர் போனால் தெரிந்ததும் போகும் என்ற பயம் எங்கள் தொழிலிலும் உண்டு. ஒரு நிறுவனம் இன்னொன்றோடு இணைகிறது, தாள் காணாமல் போகிறது, மொடியூல் மட்டும் கபினெட்டில் இருக்கிறது. ஃபினிசாரே 2019இல் டூ-சிக்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது. அந்த நிறுவனமும் பிற்பாடு கொஹீரன்ட் என்று பெயர் மாறிவிட்டது. ஏட்டில் ஏறிய நூலுக்கும் ஆபத்து உண்டு என்பதை 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கலகத்தின்போது இந்த விகாரையின் ஏடுகள் அழிந்தது காட்டுகிறது. அதனால் ஒரே இடத்தில் எழுதினாலும் பல இடத்தில் பிரதி இருக்க வேண்டும். கெர்னலின் மூலநிரல் உலகெங்கும் பிரதியெடுக்கப்பட்டுக் கிடக்கிறது. அந்த எஸ்.எஃப்.பி. டிரைவரில், உடன்பாட்டை மீறி நடக்கும் மொடியூல்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது: செய்தவர் பெயர், மாதிரி எண், அதை எப்படிக் கையாள வேண்டும். சில மொடியூல்களுக்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். சிலவற்றின் கூட்டுத்தொகை பிழை. சிலவற்றின் பழுதுச் சமிக்ஞையை நம்பக்கூடாது. ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் கபினெட்டுக்கு முன்னால் நின்று கண்டுபிடித்தது.

எல்லோரும் இந்த வழியை ஏற்கவில்லை. ஒப்டோ என்ற இன்னொரு டிரைவர் இருக்கிறது. அதுவும் ஃபினிசாரிலிருந்த பொறியாளர் ஒருவர் எழுதியதுதான். மொடியூலின் பைட்களை அப்படியே வெளியே திறந்துவிடும். பொருள் சொல்வதை மேலே ஓடும் நிரல் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் கொள்கை. சோனிக் போன்ற பெரிய தரவு நிலையச் சுவிட்ச் மென்பொருள்களில் அது நன்றாகப் புழங்குகிறது. கெர்னலின் பிரதான மரத்தில் சேர்க்கக் கேட்டபோது வலையமைப்புப் பகுதியைப் பேணுகிறவர்கள் ஏற்கவில்லை. பைட்களை மட்டும் வெளியே கொடுத்தால் மொடியூலை இயக்கும் அறிவு மீண்டும் ஒவ்வொரு நிறுவனத்தின் பூட்டிய நிரலுக்குள் போய்விடும் என்ற கவலை அவர்களுக்கு. ஆயிரக்கணக்கான மொடியூல்களைத் தாமே கட்டி ஆளும் நிறுவனத்துக்கு ஒப்டோவின் வழி இலகுவானது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எங்களைப் போல ஒரு சுவிட்சும், புறக்கோட்டையில் வாங்கிய இரண்டு மொடியூலும் வைத்திருப்பவர்களுக்குக் கெர்னலுக்குள் எழுதிய அறிவுதான் துணை. நான் அந்தப் பக்கம்.

எங்கள் மொடியூலின் முடிவு மின்னலில் வந்தது. இரண்டு பருவப் பெயர்ச்சிக்கும் இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி மாத்தளைக்குப் புதிதில்லை. ஃபைபரில் மின்சாரம் ஓடாது. கொப்பர் கேபிளில் ஓடும். ஓர் இடிக்குப் பிறகு அலுவிகாரை இணைப்பு போய்விட்டது. மாத்தளையில் இருந்தபடியே சுவிட்சுக்குள் நுழைந்து பார்த்தேன். ஃபைபர் பக்கம் நன்றாக இருந்ததால் அது முடிந்தது. மொடியூலை வாசிக்கும் ஈத்-டூல் கட்டளையைக் கொடுத்ததும் ஏ0 பதில் சொன்னது: பெயர், தொடர் இலக்கம், பிறந்த தேதி எல்லாம் எழுத்துப் பிசகாமல். சுவிட்சைத் திருப்பி இயக்கியபோது கெர்னல் எழுதிய வரி: ஃபை எதுவும் காணவில்லை. நினைவகம் தப்பித்துவிட்டது, இருபத்திரண்டாம் முகவரியில் யாரும் இல்லை. சுவிட்ச் தப்பியது. எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது கபினெட்டைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

அதனிடத்தில் வந்தது புதிய தலைமுறை மொடியூல், 10 கிகாபிட் வரை போகக்கூடியது. ரவுட்டரும் அதற்குள் 2.5 கிகாபிட் போர்ட்டோடு புதிதாகியிருந்தது. ரோல்போல் என்ற பெயரில் தொடங்கி வேறு வேறு பெயர்களில் விற்கப்படும் வகை. உள்ளே மார்வெலின் 88எக்ஸ்3310 சிப். இதற்கு இருபத்திரண்டாம் முகவரி பயன்படாது. வேறு வழியாகப் போக வேண்டும்: ஒளி மொடியூல்களில் வெப்பநிலை சொல்லும் அந்த ஏ2 முகவரிக்குப் போய், கடவுச்சொல்லாக நான்கு எஃப்எஃப் பைட்டை எழுதி, மூன்றாம் பக்கத்தைத் திறந்து, எந்த ரெஜிஸ்டர் வேண்டும் என்று அங்கே எழுதிவைத்து, வேலை முடிந்ததா என்று கேட்டுக் கேட்டுப் பதிலை எடுக்க வேண்டும். எஸ்.எஃப்.பி. உடன்பாட்டில் இதுவும் இல்லை. செக் நாட்டில் டுரிஸ் ரவுட்டர் செய்யும் குழுவைச் சேர்ந்த மாரெக் பெஹூன் அதை லினக்ஸுக்குள் எழுதினார். மொடியூலுக்குள் இருக்கும் சிறு கணிப்பான் சிப்பைத் தயார் செய்ய நேரம் எடுப்பதால், கெர்னல் இவ்வகைக்கு 25 வினாடி வரை பொறுத்திருக்கிறது. தெரியாதவர் அந்த 25 வினாடிக்குள் மொடியூலைக் கழற்றித் திருப்பிச் செருகிவிட்டு, பழுது என்று கடைக்குக் கொண்டுபோவார்.

இந்தச் சிப்போடு பேசுவது முன்பைவிட அவசியம். கேபிள் பக்கம் இணங்கிய வேகத்தைப் பொறுத்து அது சுவிட்ச் பக்கத்து முறையையும் மாற்றிக்கொள்கிறது: 10 கிகாபிட்டுக்கு ஒன்று, 2.5க்கு ஒன்று, 1க்கு ஒன்று. மாறிவிட்டது என்று சுவிட்சுக்குச் சொல்ல ஆளில்லாவிட்டால் இருவரும் இரு மொழியில் நின்றுவிடுவார்கள். இன்று அலுவிகாரையில் அது 2.5இல் ஓடுகிறது. சூடு அதிகம், பக்கத்துக் கூட்டைக் காலியாக விட்டிருக்கிறோம்.

பெரிய தரவு நிலையங்களின் 400 கிகாபிட் மொடியூல்களுக்கு இப்போது சிமிஸ் என்ற புதிய உடன்பாடு வந்திருக்கிறது. மென்பொருள் எந்தப் பக்கத்தில் என்ன கேட்க வேண்டும், மொடியூல் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாறும் என்பதெல்லாம் அதில் நீளமாக எழுதப்பட்டிருக்கிறது. நம் ஊர்களில் இன்னும் பல காலத்துக்கு ஓடப்போவது கொப்பர் எஸ்.எஃப்.பி.தான். ஆகவே முதலாம் குறுக்குத் தெருவில் இப்போது விலை கேட்கும் முன் நான் கேட்பது இரண்டு: உள்ளே என்ன சிப், ஃபையை லினக்ஸில் பார்க்க முடிகிறதா. தெரியாது என்றால், மடிக்கணினியோடு ஒரு சிறிய சுவிட்சையும் கொண்டுபோய் அங்கேயே செருகி, அரை நிமிடம் நிற்கிறேன்.